பிள்ளைகளின் கணக்கில் அட்மின் உரிமை இல்லை, அப்டேட் எதற்கு?

களுவாஞ்சிக்குடியில் கணினி வகுப்பு நடத்தும் வாசகர் கேட்கிறார்: “14 கொம்பியூட்டர்கள். பாதியில் உபுண்டு 20.04, மீதியில் விண்டோஸ் 10. பிள்ளைகளுக்குச் சாதாரண கணக்கு. அட்மின் பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும். டொங்கிள் டேட்டாவை மிச்சம் பிடிக்க அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். பிழையா?”

கணக்கைப் பிரித்தது நல்ல வேலை. அப்டேட்டை நிறுத்தியதுதான் பிழை.

பாஸ்வேர்ட் மாற்றுவது போன்ற வேலைகளுக்காக, யார் இயக்கினாலும் ரூட் (எல்லா உரிமையும் உள்ள அட்மின் கணக்கு) அதிகாரத்தோடு ஓடும் சில நிரல்கள், உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸில் உண்டு. அப்படியொன்று பிகேஎக்ஸெக். எந்த நிரலை ரூட்டாக இயக்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். ஒன்றுமே சொல்லாமல், அந்த நிரலின் பெயர் இருக்க வேண்டிய பட்டியலை வெறுமையாக விட்டு அழைத்தால்? எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை. நிரல், பட்டியலைத் தாண்டி நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த சூழல் மாறிகளை (நிரலை இயக்குபவர் அதற்குக் கொடுக்கும் அமைப்பு விவரங்களை) போய்த் தொட்டது. அதைப் பயன்படுத்திச் சாதாரண பயனர் ஒருவர் தன் கோப்பையே ரூட் அதிகாரத்தோடு ஓட வைக்கலாம். பாஸ்வேர்ட் கேட்காது. 2009 இலிருந்தே இருந்த இந்தப் பிழையை குவாலிஸ் நிறுவனம் 2022 ஜனவரியில்தான் வெளியிட்டது. உங்கள் உபுண்டு அதற்கு முன் நிறுவப்பட்டு அப்டேட் காணாமல் இருந்தால், ஓட்டை இன்னும் அப்படியே இருக்கும்.

விண்டோஸ் 10 இலும் 2021 இல் இப்படி ஒன்று: பாஸ்வேர்ட் ஹாஷ்கள் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு வைக்கும் மறைவுக் குறியீடுகள்) இருக்கும் கோப்பைச் சாதாரண கணக்கும் வாசிக்க முடிந்தது.

இப்படி, அந்தக் கொம்பியூட்டருக்குள் இருந்தபடியே பயன்படுத்தும் ஓட்டைகளை ‘லோக்கல்’ ஓட்டைகள் என்பார்கள். அந்தச் சொல்லைப் பார்த்து, ஆள் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். பிள்ளை பென் ட்ரைவில் கொண்டுவரும் கேம் ஒன்று போதும். அது பிள்ளையின் கணக்கில் ஓடத் தொடங்கி, இப்படியொரு ஓட்டையால் மேலே ஏறும். அப்புறம் அதே கொம்பியூட்டரில் நீங்கள் அடிக்கும் வங்கிப் பாஸ்வேர்டும் அதன் கையில்.

டேட்டாவுக்கு வழி இருக்கிறது. விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷனை உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்து வையுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை பகிர்ந்துகொள்ளும். உபுண்டுவுக்கு ஆப்ட் கேச்சர் அதே வேலையைச் செய்யும். இரவு டேட்டாவில் இறக்குங்கள்.

ஆனால் உங்கள் இரண்டு பதிப்புகளுக்கும் வயது போய்விட்டது. உபுண்டு 20.04 இன் வழமையான ஆதரவு 2025 மே மாதத்தோடும், விண்டோஸ் 10 இனுடையது 2025 அக்டோபர் 14 ஆம் திகதியோடும் முடிந்தன. உபுண்டுவை முதலில் 22.04 க்கும், அங்கிருந்து 24.04 க்கும் ஏற்றுங்கள். விண்டோஸ் 11 தாங்காத கொம்பியூட்டர்களுக்கும் உபுண்டுவையே போடுவேன் நான்.

அப்டேட் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அக்கரைப்பற்றில் ஒரு வகுப்பில் பார்த்தேன்: புதிய கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வட்டில் ஏறியிருந்தது, கொம்பியூட்டரோ மூன்று மாதமாக அணைக்கப்படவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தது பழைய கேர்னல்தான்.