பிறந்த மண்ணை இழந்த ஏக்கம் சங்கப் பாடல்களில் எங்கே வருகிறது?

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பறம்பு மலைதான். மூவேந்தர் படையெடுப்பில், பறம்பை ஆண்ட பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய புறநானூறு 112 ஐந்தே அடி. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையது; இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான். 'எந்தையும்', 'குன்றும்' என்று இரண்டிலும் வரும் அந்த 'உம்'மைக் கவனியுங்கள். அப்பாவும் மலையும் ஒரே இழப்பாகிவிடுகின்றன.

அதோடு நிறுத்திவிடாமல், பாரியின் நண்பரான புலவர் கபிலரையும் படியுங்கள். பறம்பை விட்டுப் போகும்போது பாடிய 114-இல், இங்கே நின்றாலும் மலை தெரிகிறது, இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றாலும் தெரியும் என்கிறார். ஊரைவிட்டுக் கிளம்பி, வழியெல்லாம் திரும்பிப் பார்த்தவர்களுக்கு அந்த வரி புரியும்.

என்னை அதிகம் கலங்கடிப்பது 116. சுரையும் பீர்க்கும் படர்ந்த சிறு வீட்டருகே, குப்பைமேட்டில் ஏறி நின்று அந்தப் பெண்கள் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். முன்பு தந்தையின் மலையில் நின்று அவர்கள் எண்ணியது, போருக்கு வந்த வேந்தரின் குதிரைகளை. எண்ணும் பழக்கம் மட்டும் அவர்களோடு வந்திருக்கிறது.