கொசுவைப் பார்த்தே யானைக்கால் புழு இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

முடியாது. அறுத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்கோ கால் வீங்கி, அந்தப் பயத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கும்பகோணம் பக்கம் யானைக்கால் தடுப்புப் பிரிவில் கொசு பிடித்து, அறுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் வேலை. விடியற்காலையில் டார்ச்சோடு வீடு வீடாகப் போவோம். கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், ரத்தம் குடித்து வயிறு சிவந்து உட்கார்ந்திருக்கும் க்யூலெக்ஸ் கொசுவைக் கண்ணாடிக் குழாயால் வாய் வைத்து உறிஞ்சிப் பிடிப்போம். அப்புறம் இறக்கையையும் காலையும் எடுத்துவிட்டு, தலை, மார்பு, வயிறு மூன்றையும் தனித்தனி சலைன் (உப்புநீர்) சொட்டில் வைத்து ஊசியால் பிரிக்க வேண்டும். மார்புத் தசையில் குட்டையாய்த் தடித்துக் கிடந்தால் முதல் நிலைப் புழு. அது இன்னும் யாருக்கும் பரவாது. பத்துப் பன்னிரண்டு நாளில் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால், கொசுவின் ஊசிவாயிலிருந்து வெள்ளை நூல் போல ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில் நெளிந்துகொண்டு சொட்டுக்குள் வரும், அதுதான் ஆபத்து. நாயின் இதயப்புழுவும் கொசுவுக்குள் வளரும் என்பதால் வால் நுனியில் உள்ள மூன்று சிறு புடைப்புகளையும் பார்த்துத்தான் எழுதுவோம்.

புழுவின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை இருக்கும்போது இதெல்லாம் பழைய முறை என்று யாராவது வருவார்கள். பிசிஆர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொசு குடித்த ரத்தத்தில் இருந்த நுண்புழு, அதாவது யானைக்கால் புழுவின் குஞ்சு, வளராமல் செத்திருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும். பரப்பும் நிலையில் புழு இருக்கிறதா என்பதை அறுத்துப் பார்த்தால்தான் கண்ணால் காண முடியும். 1897-ல் ரொனால்ட் ராஸ் மலேரியாவைக் கொசுவில் கண்டது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இருபது வருடம் முன்பே சீனாவின் அமோயில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்வதைக் கண்டது இந்த வழியில்தான்.

 

சரி, உங்கள் வீட்டு விஷயம். ரத்தப் பரிசோதனை இரவு பத்து மணிக்கு மேல் எடுக்க வேண்டும், பகலில் நுண்புழு நுரையீரலுக்குள் ஒதுங்கிவிடும். கால் ஏற்கெனவே வீங்கியவருக்கு ரத்தத்தில் புழு தெரியாமலும் போகலாம், அதனால் மருத்துவரிடம் காலையும் காட்டுங்கள். தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.