மாடு சுத்தி வந்து நிண்டா என்ன செய்யிற?

அண்ணன், வணக்கம். மார்ச் மாசம் ஒருநாள் விடியக்காலை மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் படம் எடுக்கப் போனன். வெட்டி முடிஞ்ச வயல் வட்டை, நல்ல வெளிச்சம். ரெண்டு மூணு படம் எடுத்திருப்பன், தூரத்தில மேஞ்ச மாடெல்லாம் தலையத் தூக்கிப் பாத்திட்டு என்னட்டயே நடந்து வரத் தொடங்கிட்டு, பதினைஞ்சு இருபது இருக்கும். தலையக் கீழ போட்டுக்கொண்டு வந்ததால முட்டத்தான் வருதுகள் எண்டு நினைச்சு ஓடினன், அதுகளும் பின்னால ஓடி வந்திச்சு, வரம்பு தடக்கி விழுந்தும் போனன். வீட்ட வந்து பாத்தா கடைசியா எடுத்ததெல்லாம் வெறும் மூக்குத்தான். ஏன் அப்பிடி வந்ததுகள்? இனி அங்க போகலாமா?
ஒரு வாசகி, கல்லடி

தங்கச்சிக்கு,

விழுந்ததில பெரிசா அடி ஒண்டும் படலை எண்டு நினைக்கிறன். போகலாம், கட்டாயம் போங்க. அதுகள் உங்கள முட்ட வரல்ல, பாக்க வந்ததுகள்.

மாட்டுக்கு கண் தலையின்ர ரெண்டு பக்கத்திலயும் இருக்கிறதால கிட்டத்தட்ட 330 பாகை சுத்திவரத் தெரியும், நேர பின்னால மட்டும்தான் தெரியாது. ஆனா ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில நிக்குதெண்டு அளக்க ரெண்டு கண்ணும் சேந்து பாக்கவேணும், அது முன்னால ஒரு சின்னத் துண்டுக்குள்ளதான் நடக்கும், அதால புதுசா ஒண்டக் கண்டா மாடு நேர திரும்பி, தலையப் பதிச்சு, கழுத்த நீட்டித்தான் பாக்கும். நீங்க பயந்த அந்தத் தலையும் அதுதான். இன்னொண்டும் யோசிச்சுப் பாருங்க, விடியக்காலை வெயில் கிழக்கால, எழுவான்கரைப் பக்கத்தால வரும், நீங்க அதுக்கு முதுகக் காட்டித்தான் படம் எடுத்திருப்பீங்க, அப்ப மாட்டுக்குத் தெரிஞ்சது கறுப்பா ஒரு உருவமும் நிலத்தில நீண்டு கிடக்கிற ஒரு நிழலும்தான். உங்கட முகம் அதுக்குத் தெரிஞ்சிருக்காது. கிட்ட வந்து மணந்து பாக்காம அது என்ன செய்யும்?

முன்னுக்கு வந்ததுகள் அநேகமா நாகுகளாத்தான் இருக்கும், கண்டு போடாத இளசுகள். அதுகளுக்குத்தான் இந்த ஆவல் கூட. ஓடினா பின்னால ஓடிவரும், கூட்டத்தில ஒண்டு ஓடினா மற்றதும் ஓடும், அவ்வளவுதான். நீங்க திரும்பி நேர நிண்டிருந்தா அதுகளும் நிண்டிருக்கும்.

நான் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால முதல் தரம் இப்பிடி மாட்டுப்பட்டன். எனக்கும் ஓடத்தான் வந்திச்சு, ஆனா மாட்டுப்பட்டி பாக்கிற ஐயா ஒருத்தர் வாடிக் குடிசைக்குள்ள இருந்து சத்தம் போட்டார், "மனே, ஓடாத, குந்து" எண்டு. குந்தினன். பத்து நிமிசம் கமராவத் தொடவே இல்ல. ஒரு நாகு வந்து என்ர முழங்கைய நக்கிச்சு, வேர்வையில உப்பு இருக்கெல்லோ, அரம் மாதிரி நாக்கு. பிறகு மற்றதும் வந்து மணந்து பாத்திட்டு ஒண்டொண்டா விலகிப் போய் மேயத் தொடங்கினதுகள். அதுக்குப் பிறகு எடுத்த படங்கள்தான் இண்டைக்கும் எனக்குப் பிடிச்ச படங்கள். அதால உங்களுக்கும் அதத்தான் சொல்றன், முதல்ல அதுகள் உங்களப் பாத்து முடிக்கட்டும், அதுக்குப் பிறகு நீங்க அதுகளப் பாருங்க. குந்தி இருந்து எடுத்தா தலையெல்லாம் வானத்தில வரும், அதுவும் ஒரு அழகு. பிளாஷ் மட்டும் அடிக்கவேணாம், கமரா வார் கழுத்திலயே கிடக்கட்டும், இல்லாட்டி இழுத்துச் சப்பிப்போடும்.

ஆனா எல்லா மாட்டோடயும் குந்தக்கூடாது. சின்னக் கண்டோட நிக்கிற தாய்க்கும் கண்டுக்கும் இடையில போகவே வேணாம். நாம்பன், காளை மாடு, ஒண்டு பக்கவாட்டில உடம்பக் காட்டிக்கொண்டு நிலத்தக் காலால கிண்டினா, முகத்த அதுக்கு நேர வச்சுக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னுக்கு வாங்க. கறக்கிற நேரம் பட்டிக்குள்ள போறதெண்டா கேட்டுட்டுப் போங்க, புது ஆளக் கண்டு மிரண்டா மாடு பால விடாது, நாட்டு மாடு தாறதே ஒண்டு ரெண்டு லீற்றர், அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு.

இதச் சொல்லாம விட மனம் வருகுதில்ல. நீங்க மார்ச்சில போனதாலதான் அதுகளக் கண்டீங்க. மாரி வெள்ளாமை நடக்கக்குள்ள வட்டையில மாடு நிக்க ஏலாது, தூர மேச்சல் தரைகளுக்குச் சாச்சுக்கொண்டு போவாங்க, அறுவடை முடிஞ்சாத்தான் வயல் தாளடிக்குத் திரும்பி வரும். அந்தத் தரையில பெரிசு மயிலத்தமடு, மாதவனை. அங்க வெளியாக்கள் வந்து காட்ட வெட்டிப் பயிர் செய்யிறாங்க, மாட்டையும் கொல்லுறாங்க எண்டு 2023 செப்டம்பரில பண்ணையாளர்மார் சித்தாண்டி ரோட்டோரம் போராட்டத்தில குந்தினாங்க. அதுக்கு முந்தின டிசம்பரில, 2022ல, புயலோட வந்த குளிரில வடக்கு கிழக்கில எத்தனையோ மாடு விறைச்சுச் செத்தது. மாடு மேயிற படம் ஒண்டு பாக்கக்குள்ள எனக்கு இதெல்லாம்தான் ஞாபகம் வரும், அந்த மாடு நிக்க ஒரு இடம் இன்னும் இருக்கு எண்டு மனசுக்குள்ள ஒரு ஆறுதல்.

அந்த மூக்குப் படங்கள அழிச்சுப்போடாதீங்க. மனிசருக்குக் கைரேகை மாதிரி மாட்டுக்கு மூக்கு, ஒண்டின்ர மூக்கு வரி இன்னொண்டுக்கு இருக்காது. தெளிவா விழுந்தது ஒண்டப் பிரிண்ட் எடுத்து அடுத்த முறை கொண்டுபோய் அந்தப் பட்டிக்காரரிட்டக் குடுங்க, எந்த மாடு எண்டு கேளுங்க, பேரோட சொல்லுவார். சொன்னா எனக்கும் எழுதுங்க.