டிரைசூட்டுக்குள் என்ன போடுவது? நம்மூர்க் கேள்விகள் சில

பர்கூர் பக்கம் ஒரு கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன் நான். அப்புறம் வேலைக்கு நார்வே போய் ஐந்து குளிர்காலம் அங்கே டைவ் செய்தேன். குளிர்ந்த தண்ணீரில் டைவ் செய்ய மாட்டுகிற, தண்ணீர் புகாத உடுப்புதான் டிரைசூட்; அதற்குள் சூட்டுக்காகப் போடுவது அண்டர்சூட். ஊருக்குத் திரும்பியதிலிருந்து என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த அண்டர்சூட் பற்றித்தான் கேட்கிறார்கள்.

டிரைசூட்தான் தண்ணீரையே உள்ளே விடாதே அண்ணா, அதற்குள் இன்னொரு உடுப்பு எதற்கு? (ஓசூர்)

நனையாமல் இருப்பது வேறு, குளிராமல் இருப்பது வேறு. மெல்லிய அடுக்குத் துணியில் தைத்த டிரைசூட் நம் மழைக்கோட்டு மாதிரிதான். மார்கழி விடியற்காலையில் உள்ளே பனியனோடு வெறும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தளி ரோட்டில் பைக் ஓட்டிப் பாருங்கள், புரிந்துவிடும். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அதைத் தடுப்பது அண்டர்சூட்டின் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று. நியோப்ரீன் (குமிழிகள் நிறைந்த ரப்பர்) டிரைசூட் தானாகவே கொஞ்சம் சூடு காக்கும், ஆனால் சாதாரண நியோப்ரீன் ஆழம் போகப் போக அமுங்கிவிடும்.

ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்கிற தண்ணீர் நிறைந்த பாறைப் பிளவில் டைவ் செய்யப் போகிறேன். அண்டர்சூட் 200 ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு) போதுமா, 400 வாங்கட்டுமா? (தருமபுரி)

இந்த ஒரு பயணத்துக்காக எதையும் வாங்காதீர்கள் தம்பி. அங்கே அழைத்துப் போகிறவர்களே பெரும்பாலும் டிரைசூட்டும் அண்டர்சூட்டும் தருவார்கள். பனியாறு உருகி எரிமலைப் பாறை வழியாக வடிந்து வருகிற தண்ணீர், வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். உள்ளே போட மெரினோ கம்பளி உள்ளாடை ஒரு ஜோடியும் நல்ல கம்பளி சாக்ஸும் கொண்டுபோனால் சரி. அதைவிட முக்கியம், டிரைசூட் சான்றிதழோ முன்பே செய்த டிரைசூட் டைவ்களின் பதிவோ கேட்பார்கள், அதைத் தயார் செய்யுங்கள்.

சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு: ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அவ்வளவுதான். 200 ஃப்ளீஸும் (புசுபுசுவென்ற செயற்கைத் துணி) 200 தின்சுலேட்டும் (மிக மெல்லிய செயற்கை இழைகளால் ஆன அடைப்பு) ஒன்றல்ல. ஈரம் பட்டாலும் தின்சுலேட் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும், டிரைசூட் எங்காவது ஒழுகும் நாளில் அந்த அருமை தெரியும். 10 டிகிரிக்கு மேல் என்றால் 200 எனக்குப் போதும். 5-க்குக் கீழே 400-உம் உள்ளே மெரினோவும் இல்லாமல் நான் இறங்கமாட்டேன்.

உள்ளே பருத்தி பனியன் போடலாமா?

கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. கரையில் வியர்த்த ஈரம் தண்ணீருக்குள் போனதும் உங்களைத்தான் நடுங்க வைக்கும். அதனால் டைவுக்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு சுற்றவும் வேண்டாம்.

ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் காற்று அதிகம் நிற்கும்தானே? (ஊத்தங்கரை)

நிற்காது, உள்ளே அலையும். அலைகிற காற்று சூட்டைக் காக்காது, கால் பக்கம் ஓடி உங்களைத் தலைகீழாகத் தூக்கவும் செய்யும். இறுக்கமாக இருந்தாலும் தப்பு, இழைகள் நசுங்கிவிடும். டிரைசூட்டை மேலே போட்டு, குத்த வைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் உங்களையே கட்டிப்பிடித்து, முதுகுப் பக்கம் சிலிண்டர் வால்வைத் தொடுகிற மாதிரி கையை நீட்டிப் பாருங்கள். எங்கேயும் இழுக்கக் கூடாது. இதை நான் கிருஷ்ணகிரியில் மே மாத மதியம் செய்து மயங்கி விழப் பார்த்தேன், நீங்கள் இரவில் செய்யுங்கள்.

தடிமனான அண்டர்சூட் உங்களை மிதக்க வைக்கும், அதனால் உள்ளே இறங்கக் கட்டிக்கொள்கிற ஈயமும் கூடுதலாக வேண்டும். எத்தனை கிலோ என்று என்னைக் கேட்காதீர்கள், ஆழமில்லாத இடத்தில் கிட்டத்தட்ட காலி சிலிண்டரோடு மிதந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் கால் விறைக்கிறது.

இரண்டு ஜோடி போட்டதால்தான். பூட்டுக்குள் கால் நெருக்கினால் ரத்தம் ஓடாது. ஒன்றைக் கழற்றுங்கள், இல்லை பெரிய பூட் வாங்குங்கள்.

பேட்டரியில் சூடேறும் உடுப்பு, டிரைசூட்டுக்குள் காற்றுக்குப் பதில் நிரப்பும் ஆர்கான் வாயு எல்லாம் தேவையா?

ஆர்கான் காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் சூட்டைக் கடத்தும், உண்மைதான். ஆனால் சாதாரண டைவுக்கு அந்தத் தனி சிலிண்டரைத் தூக்குவது வீண் பாரம். தப்பித்தவறிக்கூட அதை சுவாசிக்கக் கூடாது, அதில் ஆக்சிஜன் கிடையாது. பேட்டரி உடுப்பு சுகம். பாதியில் அது நின்றுபோனாலும் டிகம்ப்ரஷனை (மேலே வரும் வழியில் நின்று நின்று வருவதை) முடித்துக்கொண்டு மேலே வருகிற அளவுக்கு அண்டர்சூட் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எப்படித் துவைப்பது? (காவேரிப்பட்டணம்)

மெல்லிய சோப்பு, ஆறின தண்ணீர். வாசனைக்காக ஊற்றுகிற கம்ஃபர்ட் வகையறா வேண்டாம், அது இழையில் படிந்துவிடும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். மூட்டையாகக் கட்டிப் பரணில் திணிக்காமல் தொங்கவிடுங்கள். நான் திணித்து வைத்த ஒன்றுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது.