நின்றுகொண்டிருக்கும் ஆம்புலன்ஸில் அனுமதியில்லாமல் ஏறினால் குற்றமா?

குற்றம்தான். ஆனால் இந்தியாவில் அதற்கென்று ஆம்புலன்ஸ் பெயரைச் சொல்லித் தனிப் பிரிவைத் தேட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 198-ஆவது பிரிவு எல்லா வண்டிக்கும் பொது. உரிமையோ நியாயமான காரணமோ இல்லாமல் நிற்கும் வண்டிக்குள் ஏறுவது, அதை நகர்த்துவது, பிரேக்கில் கை வைப்பது எல்லாம் இதில் வரும். அபராதம் முன்பு 100 ரூபாய்வரைதான். 2019 திருத்தம் அதை 1,000 ஆக்கியது. உயிர் காக்கும் வண்டிக்கு இது மிகக் குறைவு என்பேன்.

'நியாயமான காரணம்' என்ற சொற்கள் முக்கியம். அடிபட்டவரைத் தூக்கி ஏற்ற உள்ளே போனவர் பயப்பட வேண்டாம். செல்ஃபிக்காகப் போனவருக்கு அந்தச் சாக்கு எடுபடாது. கூரையிலோ பானெட்டிலோ பயணம் செய்வதை 123-ஆவது பிரிவு தடுக்கிறது.

விவகாரம் பெரிதாவது எப்போது? வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் அது திருட்டு வழக்காகலாம். அரசுக்குச் சொந்தமான வண்டியை உடைத்தால் 1984-ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் பாயும். 5 ஆண்டுவரை சிறை.

ஒரு வேடிக்கை: ஏறுவதைவிட வழிவிடாததற்குத்தான் தண்டனை அதிகம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி வரும்போது ஓரம் ஒதுங்காத ஓட்டுநருக்கு அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 194E பிரிவின்படி 6 மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே.