வீட்டில் முதியவரைக் கவனிக்க ஆள் வைத்தால், விபத்துக்கு யார் பொறுப்பு?

அம்மாவைக் கவனித்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வைக்கப்போவதாகவும், ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு, காப்பீடு எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் படுத்த படுக்கையாக இருந்த என் அப்பாவுக்கு நாங்களும் அப்படித்தான் ஆள் வைத்திருந்தோம்.

முதலில் பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். மாதத் தொகையை வாங்கி ரசீது கொடுத்து, பணியாளருக்குச் சம்பளமும் ஏஜென்சியே கொடுத்தால், பெரும்பாலும் முதலாளி அவர்கள்தான். கமிஷனை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டு, 'சம்பளத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள்' என்றால் முதலாளி நீங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையிலான தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தைச் 'சேவை' என்று ஏற்பதில்லை. ஆகவே நீங்களே நேரடியாக வைத்த ஆளின் கவனக்குறைவால் அம்மா கட்டிலிலிருந்து விழுந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. ஏஜென்சியின் சேவையாக இருந்தால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

எங்களிடம் நீட்டிய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், 'பணியாளரால் ஏற்படும் எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் முன்பணம் என்று அக்கா உறுதியாக நின்றார். போட்டுத் தந்தார்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்று பின்னால் எதிர்க்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதற்கு மாநில ஆணையம் வரை அலைய வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பு பேசுவதே சுலபம்.

அட்டெண்டரிடம் (நர்ஸ் படிப்பு இல்லாத பராமரிப்புப் பணியாளரிடம்) நர்ஸ் வேலை வாங்காதீர்கள். ஊசி போடுவது, மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் (உணவு செலுத்தும் குழாய்) செருகுவது, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றுவது எல்லாம் பதிவு பெற்ற நர்ஸ் செய்ய வேண்டியவை. நீங்கள் சொல்லி அட்டெண்டர் செய்து விபரீதமானால் ஏஜென்சி உங்களைத்தான் கைகாட்டும்.

வீட்டுக் காப்பீடு இருந்தால் பாலிசியைப் படித்துப் பாருங்கள். வீட்டுப் பணியாளரே சம்பந்தப்பட்ட திருட்டுக்குப் பல பாலிசிகளில் இழப்பீடு கிடையாது. பணியாளருக்கு அடிபட்டால் தர வேண்டிய இழப்பீட்டைச் சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். நேரடியாக ஆள் வைப்பவர்கள் இதை அவசியம் கேட்டு வாங்குங்கள்.

பணியாளருக்கு அடிபடுவதைப் பற்றி அநேகமாக யாரும் யோசிப்பதே இல்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அப்பாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அந்தப் பெண்ணுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, நிமிரவே முடியவில்லை. ஏஜென்சிக்குப் போன் செய்தால், 'நாளைக்கு வேறு ஆள் அனுப்புகிறோம்' என்றார்களே தவிர, மருத்துவச் செலவைப் பற்றிப் பேச்சே இல்லை. எக்ஸ்ரே, மருந்து, வராத நாட்களின் சம்பளம் எல்லாவற்றையும் நாங்களே கொடுத்தோம். நம் வீட்டு மனிதரைத் தூக்கும்போது பட்ட அடி அது. இந்தச் செலவை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்துக்கு, விபத்தில் உயிரிழந்தால் 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் கிடைக்கும். முதுகு பிடிப்புக்கெல்லாம் கிடைக்காது. 18 முதல் 70 வயதுக்குள் வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சேரலாம். அந்த 20 ரூபாயை நீங்கள் கொடுத்து, வேலைக்கு வந்த முதல் வாரமே அவரைச் சேர்த்துவிடுங்கள்.