பம்பைக் கழற்றுவதற்கு முன்

வணக்கம் ஐயா,

பினாங்கில் வேலை பார்க்கிறேன். பழைய 32 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கி லங்காவியில் நிறுத்தியிருக்கிறேன். யான்மார் 2ஜிஎம்20, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. துறைக்குள் ஒரு குறையும் இல்லை. வெளியே போய் அரை மணி ஆனதும் வேகம் ஏறி இறங்கி, திணறி நின்றுவிடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விட்டால், ஏர் எடுக்காமலேயே (டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றாமலேயே) மறுபடி ஓடும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை. இரண்டு ஃபில்டரையும் மாற்றிவிட்டேன். மெக்கானிக் இன்ஜெக்‌ஷன் பம்ப் (சிலிண்டருக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பம்ப்) போய்விட்டது, கழற்றி அனுப்ப வேண்டும் என்கிறார். அவர் சொன்ன தொகை படகு வாங்கிய விலையில் கணிசமான பங்கு. கழற்றலாமா?

செ., பினாங்கு

அன்புள்ள செ.,

இப்போதைக்கு வேண்டாம். பம்ப் தேய்ந்த இன்ஜின் கிளப்பும்போதே தகராறு செய்யும், அதிலும் சூடாக இருந்தால் இன்னும் மோசம். உங்களுடையது சூடு தணியாமலே பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. பம்புக்கு டீசல் போய்ச் சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தில் மிக உபயோகமான தகவல் ‘ஏர் எடுக்காமலேயே’ என்பதுதான். லைனில் காற்று நிறையப் புகுந்து நின்ற இன்ஜின், ஏர் எடுக்காமல் பெரும்பாலும் கிளம்பாது. சும்மா விட்டாலே சரியாகிறது என்றால் முதலில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று டேங்கின் காற்றுக்குழாய், மற்றது டேங்குக்குள் டீசலை உறிஞ்சும் குழாயின் வாய்.

காற்றுக்குழாய் அடைத்திருந்தால், டீசல் வெளியேற வெளியேற டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது. ஒரு கட்டத்தில், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பால் இழுக்க முடியாமல் போய்விடும். இன்ஜின் நின்றபின் எங்கிருந்தோ காற்று கசிந்து உள்ளே போய்ச் சமநிலை வந்ததும் மறுபடி ஓடும். டேங்க் நிரம்பியிருந்தால் இது சீக்கிரம் நடக்கும், பாதி காலியாக இருந்தால் வெகுநேரம் ஆகும். அதனால் தொல்லை டேங்கை நிரப்பிய நாட்களில்தான் வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் குழாயின் வெளித்துளை பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சுண்டுவிரல் அளவில் இருக்கும். உப்புப் படிந்து அடைக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் படகென்றால் குளவி மண்ணைக் கொண்டுவந்து அதில் கூடு கட்டிவிடும். வெப்பமண்டலத் துறைகளில் இது சர்வசாதாரணம். அடுத்த முறை இன்ஜின் திணறும்போது மேல்தளத்து டீசல் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள். உஸ்ஸென்று காற்றை இழுத்தால் கதை முடிந்தது. ஒரு கம்பிதான் செலவு.

ஆனால் துறைக்குள் குறையில்லை என்கிறீர்களே, அது எனக்கு இடிக்கிறது. காற்றுக்குழாய் அடைப்புக்கு அலை தேவையில்லை. படகைக் கரையில் நன்றாகக் கட்டிவிட்டு, கியர் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் நின்றால் குளவியைத் தேடலாம். நிற்கவில்லை என்றால், அலையில் கலங்குகிற ஏதோ ஒன்று டேங்கின் அடியில் கிடக்கிறது.

என் பந்தயம் இந்த இரண்டாவதன் மேல்தான். டேங்கின் அடியில் நீர் தங்கும், நீரும் டீசலும் சேரும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். கறுப்பாக, கொழகொழவென்று வரும் அது. துறையில் அசையாமல் கிடக்கும். வெளியே படகு உருண்டதும் எழும்பி வந்து உறிஞ்சுகுழாயின் வாயை மூடும். இன்ஜின் நின்றால் உறிஞ்சல் நின்று, அது நழுவி விழுந்துவிடும். உங்கள் பதினைந்து நிமிடக் கணக்கு இதற்குப் பொருந்துகிறது. போதாக்குறைக்கு, மலேசியாவில் பாமாயில் பயோடீசல் 20 சதவீதம் கலந்த பி20 டீசல் 2020இல் முதலில் வந்த இடங்களில் ஒன்று லங்காவி. பயோடீசல் நீரை அதிகம் பிடித்து வைக்கும், பழைய டேங்கின் சுவரில் படிந்த பிசினைக் கரைத்து இறக்கும். பங்க்கிலிருந்து கேனில் வாங்கி ஊற்றியிருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள். பழைய ரப்பர் ஹோஸையும் அது மெல்ல இளக்கும்.

உறிஞ்சுகுழாயை மேலே உருவிப் பாருங்கள். பழைய படகுகளில் அதன் நுனியில் சின்னதாக ஒரு வலை வைத்திருப்பார்கள். கை எட்டாத இடத்தில் வடிகட்டி வைத்தவரை என்ன சொல்வது! அதை எடுத்துவிடுங்கள், வடிகட்டத்தான் வெளியே ஃபில்டர் இருக்கிறதே. கடலில் அவசரத்துக்கு, ஹோஸைக் கழற்றி டிங்கிக்கு (சின்ன ரப்பர் படகுக்கு) காற்றடிக்கும் கால்பம்பால் டேங்கை நோக்கி ஊதினால் போதும், குளுகுளுவென்று சத்தம் வரும். ஆனால் டேங்கைத் திறந்து துடைக்காமல் தீராது. பூஞ்சைக்கு மருந்து ஊற்றுவது அதற்கு அப்புறம். முதலிலேயே ஊற்றினால் செத்த பூஞ்சையெல்லாம் ஃபில்டருக்கு வந்து சேரும்.

மெக்கானிக்கிடம் வாதம் பண்ண வேண்டாம், கேனைக் காட்டுங்கள். பத்து லிட்டர் சுத்தமான டீசல் கேனை இன்ஜினுக்குச் சற்று மேலே கட்டி, அதிலிருந்து ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்து, அதே அலையில் ஓட்டுங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டால் ஃபீட் பம்ப், இன்ஜெக்‌ஷன் பம்ப், நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முனை) எல்லாம் நிரபராதி.

இத்தனைக்குப் பிறகும் காற்றின் மேல் சந்தேகம் இருந்தால், எங்கே ஈரமாக இருக்கிறது என்று துணியால் துடைத்துத் தேடாதீர்கள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பக்கம். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோலத்தான்: காற்று உள்ளே போகும், டீசல் ஒரு சொட்டும் வெளியே வராது. ஃபீட் பம்புக்கு முன் ஒரு முழம் ஒளிபுகும் ஹோஸ் போட்டால் குமிழி கண்ணுக்குத் தெரியும். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள். ஃபில்டர் மாற்றும்போது பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டீர்களா என்றும் பாருங்கள்.

எப்படியும் ஃபில்டரைத் தொட்டால் ஏர் எடுத்தாக வேண்டும். ஃபீட் பம்பின் கைநெம்பு லொடலொடவென்று ஆடி டீசலே வரவில்லை என்றால் பம்ப் கெட்டுவிட்டதென்று பயப்படாதீர்கள். ஃபீட் பம்பை இயக்கும் கேம் அதை அழுத்திப் பிடித்த நிலையில் இன்ஜின் நின்றிருக்கும். இன்ஜினை ஒரு சுற்று திருப்பிவிட்டால் நெம்பு வேலை செய்யும். காற்றை இந்த வரிசையில் வெளியேற்றுங்கள்: ஃபில்டர் மேல் உள்ள திருகு, அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகு, கடைசியாக நாசில் நட்டுகள். நாசில் பக்கம் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இதைவிட முக்கியம்: ஸ்டார்ட்டரை மறுபடி மறுபடி சுற்றுவதற்கு முன், இன்ஜினைக் குளிர்விக்க வரும் கடல்நீரின் வால்வை மூடுங்கள். இன்ஜின் பிடிக்காதவரை, புகைக்குழாயில் வந்து சேரும் அந்த நீரை வெளியே தள்ளப் புகை இல்லை. மஃப்ளர் நிரம்பி, நீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நல்ல இன்ஜின்கள் இப்படிப் பாழாகியிருக்கின்றன. பிடித்த கையோடு வால்வைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் நீர்ப்பம்பின் ரப்பர் கருகும்.

கேனிலும் இன்ஜின் நின்றால், ஃபீட் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் பார்த்துவிட்டு மெக்கானிக் சொன்னபடி கழற்றுங்கள். பம்புக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், டீசல் பாயும் நேரம் (டைமிங்) அதை வைத்துத்தான். எத்தனை இருந்தன என்று எண்ணி, ஒன்றுவிடாமல் அப்படியே திரும்பப் போடச் சொல்லுங்கள்.